திரைக்காகவா, நடுவருக்காகவா?

6000க்கு 4000 பிக்சல் அளவில் எடுத்த ஒரு படத்தை, 1600க்கு 1200 என்ற கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கினால் 1600க்கு 1067தான் மிஞ்சும். இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள் பதினேழு லட்சமாகிவிடுகின்றன. பதினான்கில் ஒரு பங்கு. கேமரா கிளப் போட்டிக்குப் படம் அனுப்பும் ஒவ்வொருவரும் இந்தக் கழித்தலைச் செய்துதான் அனுப்புகிறார்கள். எதை விடுவது, மிஞ்சியதை எப்படித் துலங்கச் செய்வது, அதை எந்த வெளிச்சத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசித்து முடிவெடுக்கும் வேலை அது. படம் எடுக்க ஆன நேரம் நொடியில் சில நூறில் ஒரு பங்காக இருக்கும். இந்த வேலைக்கு ஓர் இரவே ஆகலாம்.

இதைப் பற்றி நம் புகைப்படக்காரர்களிடையே இரண்டு பேச்சு உண்டு. கேமராவில் பதிந்தவுடன் படம் முடிந்தது, மற்றதெல்லாம் ஒப்பனை என்பார்கள் ஒரு சாரார். படம் பிறப்பதே கணினியில்தான் என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. தயாரிப்பு என்பது யாருக்காக நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். படம் விழப்போகும் திரையின் அளவு, நிறம், வெளிச்சம் ஆகியவற்றுக்காகச் செய்யும் தயாரிப்பு கைத்திறன். அதைக் கற்றவர் நல்ல புகைப்படக்காரராக வளர்கிறார். நடுவருக்கு எது பிடிக்கும் என்று ஊகித்துச் செய்யும் தயாரிப்பு, எடுத்தவரின் கண்ணையே நாளடைவில் மாற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே மென்பொருளில், ஒரே இருப்பில், அடுத்தடுத்த நிமிடங்களில் நடப்பதால் எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று செய்கிறவருக்கே தெரிவதில்லை.

கைவைக்காத படமே தூய்மையானது என்ற எண்ணம் பெரும்பாலும் ஸ்லைடு காலத்தின் மிச்சம். 35 மில்லிமீட்டர் கோடக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் 1936இல் வந்தது. கேமராவுக்குள் ஒளி பட்ட அதே ஃபிலிம் துண்டுதான் சட்டத்தில் செருகப்பட்டுத் திரையில் விழும். எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் தவறினாலும் திருத்த வழியில்லை. ஓரத்தில் வேண்டாத ஒன்று நுழைந்திருந்தால் வெள்ளிநிற நாடாவை ஒட்டி மறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அதே கிளப்பில் அதே ஆண்டுகளில் கறுப்பு வெள்ளைப் பிரதிகள் அனுப்பியவர்கள் இருட்டறையில் மணிக்கணக்கில் நின்றார்கள். ஒரு பகுதிக்கு ஒளியைத் தடுத்தார்கள், இன்னொரு பகுதிக்குக் கூட்டினார்கள். ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தின் நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரதி போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பப் பிரதிகளில் மேகக் கீற்றுகளோடு வெளிறியிருந்த வானம், பிந்தைய பிரதிகளில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. அதற்காக அவரைப் போலியானவர் என்று புகைப்பட உலகம் ஒதுக்கிவிடவில்லை. கோடக் நிறுவனம் 2004இல் ஸ்லைடு ப்ரொஜெக்டர் தயாரிப்பையும் 2009இல் கோடக்ரோமையும் நிறுத்தியது. டிஜிட்டல் ப்ரொஜெக்டர் அந்த இடத்துக்கு வந்தபோது, பிரதிக்கு மட்டும் உரியதாக இருந்த இருட்டறைப் பழக்கம் திரையில் காட்டும் படத்துக்கும் வந்து சேர்ந்தது. 1857இல் தொடங்கிய ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் போன்ற பழைய சங்கங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டால், கைவைக்க முடியாத படம் என்பது இடையில் வந்து போன ஒரு காலகட்டம்தான்.

தயாரிப்பின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைக் கூர்மைப்படுத்தும் வேலையில் தெளிவாகக் காணலாம். படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பல கலந்து ஒன்றாகின்றன, விளிம்புகள் மழுங்குகின்றன. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் குழைந்துபோகும். பட்டுப் புடவையின் சரிகைக் கட்டத்திலும் ஜன்னல் கம்பி வலையிலும், இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். ஆகவே கூர்மையை மீட்கும் வேலை சுருக்கிய பிறகுதான் நடக்க வேண்டும், அதுவும் காட்டப்போகும் அளவுக்கு ஏற்ப. கேமராவின் மழுக்கத்தைச் சரிசெய்ய ஒரு முறை, படத்தில் நாம் அழுத்தம் தர விரும்பும் பகுதிக்கு ஒரு முறை, வெளியீட்டுக்கு ஒரு முறை என்று மூன்று கட்டமாகப் பிரித்துச் செய்யும் முறையைப் புரூஸ் ஃப்ரேசர் விளக்கினார். இன்று லைட்ரூம் மென்பொருளில் கூர்மைக்கான கருவிகள் வெவ்வேறு இடங்களில் பிரிந்து கிடப்பதற்கு அந்தச் சிந்தனையே காரணம். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற கருவிகூட இருட்டறையிலிருந்து வந்ததுதான்: நெகட்டிவின் மங்கலான பாசிட்டிவ் ஒன்றை அதன்மேல் வைத்துப் பிரதி போட்டால் விளிம்பு மாறுபாடு கூடும் என்று ஃபிலிம் காலத்தவர்கள் கண்டிருந்தார்கள். விளிம்பின் ஒரு பக்கத்தை இன்னும் வெளுப்பாகவும் மறுபக்கத்தை இன்னும் கருப்பாகவும் ஆக்கிக் கண்ணை நம்பவைப்பதே கூர்மை. அளவு மீறினால் பனைமரத்தைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கவனிக்கக் கற்ற கண், தன் படத்தைப் பிறர் படமாகப் பார்க்கக் கற்றுவிட்டது என்பேன்.

நிறமும் அப்படித்தான். ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்து 1999இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி, அன்றைய படக்குழாய் மானிட்டர்களின் வரம்பை ஒட்டி உருவானது. அடோபி ஆர்ஜிபி 1998 அதைவிட அகலமானது. பச்சையிலும் நீலப்பச்சையிலும் கூடுதல் இடம் கொண்டது. ஒருவர் அடோபி ஆர்ஜிபியில் படத்தை முடித்து, நிறக்குறிப்பு இல்லாமல் அனுப்பிவிட்டால், போட்டிக்கூடத்தின் கணினி அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று வாசிக்கும். நாற்றங்கால் பச்சை சோர்ந்துவிடும். மனித முகத்தில் இரத்த ஓட்டம் வற்றியதுபோல் இருக்கும். நடுவர் ‘நிறம் செத்துக் கிடக்கிறது’ என்று குறிப்பெழுதுவார். அது படைப்பின் குறை அல்ல, மாற்றித் தராத குறை. கிளப் விதிகள் எஸ்ஆர்ஜிபி என்று வற்புறுத்துவதைப் பிற்போக்கு என்று சிலர் சொல்கிறார்கள். எல்லோருடைய படமும் ஒரே கணினியில் ஒரே மாலையில் ஓடும் இடத்தில் ஒரு பொது மொழி வேண்டும். குறுகியதானாலும் எல்லோருக்கும் புரியும் மொழி. இந்த விதியை நான் ஆதரிக்கிறேன்.

ஜேபெக் சுருக்கத்தைப் பற்றிக் கிளப்புகளில் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். 1992இல் தரமான இந்த முறை படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒளியையும் நிறத்தையும் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கைவிடுகிறது. பல அமைப்புகளில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிவிடும். சாம்பல் பாறைக்கு இதனால் இழப்பில்லை. சிவப்புக்குப் பெரிய இழப்பு. குங்குமம், அரளிப் பூ, சிவப்புச் சேலையின் கரை இவற்றில் ஒளி வேறுபாடு குறைவு, நிற வேறுபாடே அதிகம். அதனால் விளிம்பு கசிந்து கட்டம் கட்டமாகத் தெரியும். நம் திருவிழாப் படங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடுவதால், ஜேபெக்கைத் திறந்து திருத்தி மீண்டும் ஜேபெக்காகவே சேமிப்பது கூடாது. மூலக் கோப்பு தனி, போட்டிக் கோப்பு தனி என்று வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இதிலிருந்து பிறக்கிறது. இந்த ஒழுங்குதான் பிறகு சொல்லப்போகும் பெரிய ஆபத்திலிருந்தும் காப்பாற்றும்.

இவ்வளவும் நிறை. இனி, விதிகளே உண்டாக்கும் ஓர் அநீதியைச் சொல்ல வேண்டும். கிளப்புகளிலும் சலோன்கள் எனப்படும் போட்டிக் கண்காட்சிகளிலும் பரவலாக உள்ள இன்னொரு வரம்பு 1920க்கு 1080. மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் எடுத்த கிடைமட்டப் படம் அதில் 1620க்கு 1080 ஆக, 17,49,600 புள்ளிகளோடு விழும். அதே கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் 720க்கு 1080தான்: 7,77,600. பாதிகூட இல்லை. ஒரே திரையில், ஒரே நடுவர் முன்னால், ஒரு படம் மற்றதைவிட இரண்டே கால் மடங்கு பெரிதாக நிற்கிறது. கோபுரம், பனை, தலையில் குடத்தோடு நடந்துவரும் பெண், கரகம் சுமந்து நிற்கும் ஆட்டக்காரர் எல்லாம் நெடுக்காக நிற்கும் பொருள்கள். அவற்றை எடுப்பவர் நுழையும்போதே இடம் இழக்கிறார். சில போட்டிகளுக்குப் பிறகு அவர் கேமராவைத் திருப்பிப் பிடிப்பதையே நிறுத்திவிடுவார்.

வேடிக்கையாக ஒதுக்க முடியாத, கவலைப்பட வேண்டிய முரண் ஒன்று இதில் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் படத்தின் அகலத்தை 1080 பிக்சலுக்குக் கட்டுகிறது. செங்குத்துப் படத்துக்கு வெகுகாலம் நான்குக்கு ஐந்து என்ற வடிவமே எல்லையாக இருந்தது. அந்த எல்லையில் செங்குத்துப் படம் 1080க்கு 1350, அதாவது 14,58,000 புள்ளிகள். கிடைமட்டப் படம் 1080க்கு 720, மறுபடியும் அதே 7,77,600. ப்ரொஜெக்டர் எதைத் தண்டிக்கிறதோ அதைக் கைபேசி பரிசளிக்கிறது. ஒரே படத்தைக் கிளப்புக்குக் கிடையாகவும் கைபேசிக்கு நெடுக்காகவும் வெட்டி இரண்டு பிரதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றின் குறுக்கே ஆடுகளை ஓட்டிவரும் மேய்ப்பர் படத்தில் ஆறு இருப்பதா, வானம் இருப்பதா என்பதைத் திரையின் வடிவம் தீர்மானிக்கிறது. ஸ்லைடு காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. சட்டம் சதுரம், திரையும் சதுரம்; ஸ்லைடை எப்படித் திருப்பிச் செருகினாலும் படத்தின் பரப்பு மாறாது. எல்லாப் படங்களையும் 1080க்கு 1080 சதுரத்துக்குள் அடக்கச் சொன்னால் இன்றும் அந்தச் சமத்துவத்தைத் திரும்பப் பெறலாம். கிடைமட்டப் படங்கள் சிறுக்குமே என்பார்கள். சிறுக்கட்டும், நெடுக்கும் கிடையும் ஒரே பரப்பில் நிற்கும்.

திரையின் வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கடையில் வாங்கிவந்த மானிட்டர் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய வெளிச்சத்தோடுதான் வரும். அதில் பார்த்து முடித்த படம் ப்ரொஜெக்டரில் இருண்டு விழும். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற அளவுக்குக் குறைத்து, அளவுக்கருவியால் நிறத்தையும் சரிபார்த்துக்கொள்வது எளிய பரிகாரம். இருட்டான சூழலில் பார்க்கும் படத்தின் மாறுபாடு கண்ணுக்குக் குறைந்து தெரியும் என்பதை ஈஸ்ட்மன் கோடக்கில் பணியாற்றிய பார்ட்டில்சனும் பிரெனமனும் 1967இல் ஆராய்ந்து எழுதினார்கள். போட்டிக்கூடம் எவ்வளவு இருட்டு என்று தெரியாமல் நிழல்களைச் சரிசெய்ய முடியாது. எனவே இது உறுப்பினர் தனியாகத் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. கிளப் தன் ப்ரொஜெக்டரைச் சரிசெய்து, ஒரு சோதனைப் படத்தைப் போட்டியாளர்களுக்கு முன்பே காட்டியாக வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து லென்ஸ் வாங்குகிறவர்கள் கூடும் இடத்தில் இந்த ஒரு மாலை வேலை நடக்காமலிருப்பது வருத்தமளிக்கிறது.

இப்போது நடுவரிடம் வருகிறேன். வழக்கமான தேர்வில் நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையாக ஓடுகின்றன. மூன்று நடுவர்கள் ஒவ்வொன்றையும் சில நொடிகள் பார்த்து எண் தருகிறார்கள். இந்த ஏற்பாட்டில் குற்றம் காண்பது சுலபம், மாற்று சொல்வது கடினம். ஆனால் இப்படிப் பார்க்கும் கண் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று யோசிக்க வேண்டும். ஒரே ஒரு பொருள், அதன்மேல் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு, சுத்தமான பின்னணி, அடர்ந்த நிறம். அடுத்த படம் வருவதற்குள் புரிந்துவிட வேண்டும். இதைக் கணக்கிட்டே தயாரிப்பு நடக்கத் தொடங்குகிறது. ஓரங்களை இருட்டாக்கும் வினியெட், பொருளின்மேல் ஒளியேற்றல், பின்னணியைக் கூடுதலாக மங்கச் செய்தல், நுண்மாறுபாட்டைக் கூட்டும் கிளாரிட்டியை ஏற்றுதல், இறுக்கமாக வெட்டுதல். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நியாயம் சொல்லலாம். எல்லாம் சேரும்போது கடற்கரையும் காடும் சந்தையும் ஒரே விளக்கின் கீழ் நிற்பதுபோல் ஆகிவிடுகின்றன. ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பின் ஏஃபியாப், ஈஃபியாப் போன்ற தகுதிகள் சலோன்களில் ஏற்கப்படும் படங்களின் எண்ணிக்கையை ஒட்டிக் கிடைப்பவை என்பதால், ஒரு முறை ஏற்கப்பட்ட பாணியை விட்டு விலகுவதற்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

குலசேகரப்பட்டினம் தசராப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டி, விரதமிருந்து, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக் கோவிலில் கொண்டுவந்து சேர்க்கும் விழா அது. போட்டிக்கு வரும் படத்தில் மிஞ்சுவது காளியின் நாக்கும் விழித்த கண்ணும் மட்டும். பின்னால் நின்ற குடும்பம், வந்த வேன், கடற்கரை மணல், தட்டேந்திய கை எல்லாம் கறுப்பில் அமுங்கிவிடும். விதிப்படி யாரும் எதையும் அழிக்கவில்லை, இருட்டாக்கினார்கள், அவ்வளவே. ஆனால் நேர்த்திக்கடன் என்ற செய்தி முழுவதும் அந்த இருட்டுக்குள்தான் இருந்தது. விழாவைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் மூர்க்கம் என்ற ஒன்றைத்தான் எடுத்துச் செல்வார்.

இன்னும் ஆழமாகத் தொந்தரவு செய்வது தோல். கிளாரிட்டி, டெக்ஸ்சர் என்ற இரண்டு சறுக்கிகளைக் கூட்டினால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் கறுத்துப் பள்ளமாகும். நாற்று நடும் மூதாட்டி, உப்பளத் தொழிலாளி, வலை பின்னும் முதியவர் என்று நம் போட்டிகளில் வரும் ஏழை முகங்கள் எல்லாம் இந்தச் சறுக்கிகளின் வழியே வந்தவை. அதே வாரம் அதே கணினியில் ஒரு கல்யாண ஆல்பம் தயாராகும். அங்கே மணப்பெண்ணின் தோல் வெளுக்கப்பட்டு, மழமழப்பாக்கப்பட்டு, மயிர்த்துளைகூட இல்லாமல் நிற்கும். பணம் கொடுப்பவரின் தோலை வெளுக்கவும் பணம் கேட்காதவரின் தோலை இன்னும் கறுக்கவும் பழகிவிட்ட கை இது. அந்த மூதாட்டி தன் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற கேள்வி போட்டிக் குறிப்பேட்டின் எந்தக் கட்டத்திலும் இல்லை. அதைக் கேட்காமல் ‘கிராமிய வாழ்க்கை’ என்று தலைப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விதிகள் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். விதிகள் வேறு ஓரிடத்தில் கோடு போடுகின்றன. 2010 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில், கீவ் நகரத் தெருச்சண்டை பற்றிய ஸ்டெபான் ருடிக்கின் படத்தொகுதி விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்றுப் பின்னர் நீக்கப்பட்டது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியது, ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது, ஓரங்களை இருட்டாக்கியது ஆகியவை காரணமல்ல. கட்டுப் போடும் கைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த ஒரு பாதத்தின் துண்டை அழித்ததே காரணம். பார்ப்பவரின் மனநிலையை மாற்றியவை எல்லாம் அனுமதிக்கப்பட்டன, எதையும் மாற்றாத பாதம் பரிசைப் பறித்தது. இருந்தாலும் அந்தக் கோட்டை நான் தவறென்று சொல்லமாட்டேன். இருந்ததா, இல்லையா என்பதை மூலக் கோப்பை வைத்து நிரூபிக்கலாம். இருட்டு அதிகமா, குறைவா என்பதை நிரூபிக்க முடியாது. நிரூபிக்கக்கூடிய இடத்தில்தான் விதி நிற்க முடியும். அதற்கு இப்பால் உள்ள பரந்த நிலத்துக்குப் படம் எடுத்தவரே பொறுப்பு. 2015இல் அதே போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தயாரிப்பு மீறல்களால் விலக்கப்பட்டதை நினைத்தால், அந்தப் பொறுப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று புரியும்.

கோப்பைச் சோதிப்பதாலும் எல்லாம் தெரிந்துவிடாது. வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் த இயர் 2009 பட்டத்தை வென்றது, கதவு ஒன்றைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பெரும்பாலும் பழக்கிவிடப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள், எடுத்தவர் மறுத்தார். அங்கே குற்றச்சாட்டு லென்ஸுக்கு முன்னால் நடந்ததைப் பற்றியது. கோப்பில் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. 2023இல் போரிஸ் எல்டாக்சன் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தோடு சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில் வென்று, பரிசை மறுத்தார். மறுஆண்டு மைல்ஸ் ஆஸ்ட்ரே, வேறொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் உண்மையான பூநாரைப் படம் ஒன்றை அனுப்பி வென்று, உண்மையைச் சொன்னதும் நீக்கப்பட்டார். இந்த இரண்டும் நடுவர் கண்ணின் எல்லையைக் காட்டின. போட்டிப் படங்கள் ஏற்கெனவே ஒரே வழவழப்பை நோக்கி நகர்ந்திருந்ததும், இயந்திரம் செய்த படம் அவற்றுக்கு நடுவே சந்தேகமின்றி உட்கார ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

போட்டிகளின் இயற்கைப் பிரிவுக்கு, அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, ஃபியாப், பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொது வரையறை உண்டு. வெட்டலாம், தூசியும் இரைச்சலும் நீக்கலாம். எதையும் சேர்க்கவோ அகற்றவோ கூடாது. நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும். படத்தின் அழகைவிட அது சொல்லும் இயற்கைச் செய்திக்கு மதிப்பு அதிகம் என்றும் அது சொல்கிறது. மிக நல்ல வரையறை. ஆயினும் பரிசு பெறுவனவற்றில் பெரும்பகுதி ஒரு குச்சியில் உட்கார்ந்த பறவையும் பின்னால் பச்சைப் பூச்சும்தான். பறவை எந்த மரத்தில், எந்த நீர்நிலையில், எதைத் தின்று வாழ்கிறது என்பது பூச்சுக்குள் மறைந்துவிட்டது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில், தானே பொருத்திச் செய்துகொண்ட கேமராவால் எடுத்த யானைப் படங்களை இன்று போட்டிக்கு அனுப்பினால் ‘பின்னணி கலைந்திருக்கிறது’ என்ற குறிப்போடு திரும்பி வரலாம். அந்தக் கலைந்த பின்னணிதான் காடு.

இணையக் காட்சியகங்களுக்கு வேறு குணம். பார்ப்பவரின் திரையை நாம் சரிசெய்ய முடியாது. ஒருவரிடம் அகன்ற நிற வரம்புள்ள புதிய கைபேசி, இன்னொருவரிடம் இரவு நேரத்து மஞ்சள் வடிகட்டி. அதனால் எந்த எல்லைக்கும் போகாமல், நிறத்திலும் நிழலிலும் சற்று இடம் விட்டு முடிப்பதே இங்கே திறமை. பெரும்பாலான தளங்கள் ஏற்றிய படத்தை மறுபடியும் சுருக்குகின்றன. தளத்தின் அளவுக்கே நாம் சுருக்கிக் கொடுத்தால் சேதம் குறையும். ஆந்தைக் கூடு, நீர்நாய் வளை போன்ற படங்களை ஏற்றும்போது கோப்புக்குள் இருக்கும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கியே ஆக வேண்டும். மறுவாரம் அங்கே கூட்டம் கூடுவதைத் தடுக்கும் கடமை எடுத்தவருடையது. இணையம் தரும் பெரிய வாய்ப்பு ஒன்று வீணாகிறது. கிளப் திரையில் ஒற்றைப் படம் சில நொடி நிற்கும். இணையத்தில் பத்துப் படத் தொடரையும் நீண்ட குறிப்பையும் தர முடியும். தசராவுக்குப் போனவர் காளியின் முகத்தோடு, மாலை கட்டியது முதல் உண்டியல் வரை காட்டலாம். பெரும்பாலோர் அங்கேயும் அந்த ஒற்றை முகத்தையே ஏற்றுகிறார்கள், கிளப்பில் எண் வாங்கிய அதே வெட்டோடு.

இத்தனை குறை சொன்ன பிறகும் போட்டிக்குத் தயாரிப்பதை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். கடைசித் தேதி என்ற ஒன்று இல்லாவிட்டால் நம்மில் பலர் எடுத்த ஆயிரம் படங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். நூறு சதவீத அளவில் படத்தை வைத்து மூலை மூலையாக நகர்த்தும்போதுதான் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டதும், அடிவானம் சாய்ந்ததும், தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்ததும் தெரிகின்றன. கணினியில் பார்த்த பிழையை அடுத்த முறை வ்யூஃபைண்டரிலேயே பிடிக்கிறார் படம் எடுப்பவர். ஓர் அடி நகர்ந்து நிற்கிறார். அந்த ஓரடியைக் கற்றுத்தந்தது தயாரிப்புதான். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, லேயர்களில் வேலை செய்து, போட்டிப் பிரதியைத் தனியாக எடுப்பவர், எண் வந்த பிறகு திரும்பிப்போய்த் தன் படத்தைத் தன் விருப்பப்படி இன்னொரு முறை முடிக்கவும் முடியும்.

கிளப்புகள் செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. சில இடங்களில் செய்கிறார்கள், இன்னும் பல இடங்களில் செய்ய வேண்டும். ஒரே ரா ஃபைலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் கொடுத்து, அவரவர் முடித்துக் கொண்டுவரச் சொல்வது. எண் கிடையாது, நடுவர் கிடையாது, நேரக் கட்டுப்பாடு கிடையாது. இருபது பேர் என்றால், இருபது பிரதிகளும் அடுத்தடுத்துத் திரையில் வரும்போது, நிறக்குறிப்பு தவறியதும் கூர்மை மிஞ்சியதும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அவற்றை அன்றே திருத்திக்கொள்ளலாம். அதன் பிறகு பேச வேண்டியது வேறு. ஒருவர் ஏன் வானத்தை வைத்துக்கொண்டார், இன்னொருவர் ஏன் வெட்டினார், அந்த முகத்தை ஒருவர் ஏன் கறுக்கவிட்டார் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். இருபதும் ஒன்றுபோலவே வந்திருந்தால், அன்றைய மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசலாம்.